வாட்ச்மேன் பைப்

மீன் சத்தம் போடாது என்று நம்பித்தான் ஜனங்கள் வீட்டில் மீன் வளர்க்கிறார்கள். நாய் குரைக்கும், கிளி கத்தும், மீனாவது வாயை மூடிக்கொண்டு கிடக்குமே என்று ஓர் ஆசை. கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கி, கூடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்து முடித்த பிறகுதான் உண்மை தெரியும். மீன் பேசாவிட்டாலும் தொட்டி பேசும். நிறுத்தாமல் பேசும்.

பெரிய தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், இன்னொரு தொட்டி இருக்கும். அதற்குப் பெயர் சம்ப். மேல் தொட்டியின் மூலையில் கறுப்புக் கண்ணாடியில் ஒரு பெட்டி. தண்ணீர் அதற்குள் வழிந்து, பைப் வழியாகச் சம்புக்கு இறங்கி, அழுக்கு வடிந்து, மோட்டார் மூலம் மறுபடி மேலே ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பைப் இருக்கிறதே, அது தண்ணீரை மட்டும் குடிக்காது, காற்றையும் சேர்த்து விழுங்கும். களக் களக் என்று ஒரு சத்தம், அதன் மேல் ஸ்ஸ் என்று ஒரு சீறல். முதல் நாள் அருவி மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரு வாரம் போனால் பல்லைக் கடிப்பார்கள்.

அந்தச் சனியனை ஓட்டுவதற்கென்றே அந்த ஊரில் ஒருவர் இருந்தார். மீன் கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே அவரை மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பாம்புச்செவி என்பார்கள். கேலியில்லை, மரியாதைதான். ஆரம்பத்தில் சாதாரணக் குழாய் ரிப்பேர்க்காரர். சுவரில் காதை ஒட்டவைத்தே உள்ளே பைப் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். உடைத்துப் பார்த்தால் சரியாக அங்கேதான் ஈரம் இருக்கும். மீன் கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு கக்கூஸ் குழாய்க்கு உழைக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று திட்டி இழுத்து வந்தார். அதிலிருந்து இருபது வருஷமாக மீன் தொட்டிதான் பிழைப்பு.

மாஸ்டரின் வழி எளியது. ஒரு பைப்புக்குப் பதில் இரண்டு பைப், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குட்டைப் பைப்பின் அடியில் ஒரு வால்வு. அதை இழை இழையாக மூடிக்கொண்டு வந்தால் பெட்டிக்குள் தண்ணீர் ஏறிக் குட்டைப் பைப்பின் வாய் முழுகிவிடும். வாய் முழுகிய பிறகு காற்றை எங்கே விழுங்குவது? சத்தம் செத்தது. அளவுக்கு மீறி மூடினாலோ தண்ணீர் இன்னும் ஏறி நெட்டைப் பைப்புக்குள் வழியும். நெட்டைப் பைப்புக்கு அவர் வைத்த பெயர் வாட்ச்மேன். நத்தையோ இலையோ குட்டைப் பைப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் முழுக்க வாட்ச்மேன் வழியாக இறங்கும், இறங்கும்போது ஊரைக் கூட்டுவான், நீங்கள் முழித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வீடு விளக்குவார். மற்ற நேரத்தில் வாட்ச்மேன் காய்ந்துதான் கிடக்க வேண்டும். அவன் வாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் என் வேலை தப்பு என்பார்.

கடைசித் திருப்பல் திருப்பும் முன் அவர் அந்த வீட்டையே கட்டிப் போட்டுவிடுவார். மின்விசிறியை நிறுத்து, டிவியை நிறுத்து, பிரிட்ஜையும் நிறுத்து. யாரும் நடக்கக் கூடாது, இருமக் கூடாது. வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, "ஐயா, மூச்சு மட்டும் விட்டுக்குங்க" என்று உட்காரவைத்துவிடுவார். பிறகு அலமாரிப் பலகையில் நெற்றியை முட்டி, கண்ணை மூடி, கையை வால்வில் வைத்து உட்காருவார். கடைசியில் ஒரே ஒரு சொல் சொல்வார். "போயிடுச்சு." உண்மையாகவே போயிருக்கும். அந்த ஒரு சொல்லில்தான் அவர் பெயர் நின்றது.

இப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரு பயம் இருந்தது. பேய்க்குப் பயந்தவரில்லை, போலீசுக்குப் பயந்தவரில்லை, பெண்டாட்டிக்கு மட்டும் நியாயமான அளவு பயந்தவர். ஆனால் செவிடாகிவிடுவோமோ என்று நினைத்தால் உடம்பு சில்லிட்டுவிடும். அவருடைய அப்பாவுக்கு மில்லில் இன்ஜின் பக்கத்தில் வேலை. நடுவயதிலேயே காது போய்விட்டது. காது போனதுகூடப் பெரிதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் யாராவது எதையாவது சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா "என்ன, என்ன" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். "அப்புறம் சொல்றேன்" என்று கையைக் காட்டுவாள் அம்மா. அந்த அப்புறம் ஒரு நாளும் வராது. கெட்ட மனுஷியில்லை, கத்திக் கத்தி அலுத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் அப்பா என்ன என்று கேட்பதையே விட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தால் தானும் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவார். அந்தச் சிரிப்பை மாஸ்டர் மறக்கவேயில்லை.

மாஸ்டருக்கு அம்பத்து மூன்று வயதாகும்போது வீட்டில் கொசு பாடுவது நின்றது. மனைவி விசிறியால் அடித்துக்கொண்டு தவிப்பாள், இவர் குறட்டை விடுவார். "கொசுவுக்கும் ஆள் தெரியுது, என்கிட்ட வாலாட்டாது" என்று ஜம்பம் வேறு. அதே சமயத்தில் வேலை முடித்த வீடுகளிலிருந்து சிலர் போன் செய்தார்கள். மாஸ்டர், இன்னும் ஸ்ஸுன்னு ஏதோ கேட்கிறதே என்றார்கள். சத்தம் உங்கள் காதில் இருக்கிறது, தொட்டியில் இல்லை என்று சிரித்து வைத்துவிட்டார். இருபது வருஷம் தப்பாத மனுஷர் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள், தங்கள் காதைத்தான் சந்தேகப்படுவார்கள்.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. மனைவி தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, பீப் என்று கத்தினதும் எடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். இவர் கையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தே இருந்தார். "இன்னுமா வெச்சுக்கிட்டு இருக்கீங்க? அது எப்பவோ கத்திடுச்சே" என்றாள் அடுப்படியிலிருந்து. கண் அசந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு டம்ளர் வெந்நீரில் தெர்மாமீட்டரின் நுனியை விட்டு, தலையைச் சாய்த்து, மறுமுனையைக் காதோடு வைத்தார். கண்ணாடியில் தெரிந்த எண் ஓடி, நின்று, மினுக்கியது. சத்தம் வரவில்லை. மறுபடி செய்தார். எண் நின்றது, சத்தம் வரவில்லை. குளியலறைத் தண்ணீர் கேட்கிறது, தெருவில் லாரி போவது கேட்கிறது, கைக்குள் இருக்கும் இந்தச் சாமான் கத்துவது மட்டும் கேட்கவில்லை. மெல்லிய சத்தமாகப் பார்த்து, ஸ்ஸ் என்கிற சத்தமாகப் பார்த்து, காது கைவிட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் போயிருக்கலாம். எல்லாருக்கும் தெரிந்த வழி அதுதான். ஆனால் டாக்டர் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமே. மனைவியிடமும் சொல்லவில்லை. கடை ஆட்களுக்குத் தெரிந்தால் பிழைப்புப் போகும், அது இரண்டாவது பயம். முதல் பயம் மனைவிக்குத் தெரிவதுதான். இன்றைக்குத் தெரிந்தால் நாளைக்கு அவளும் கையைக் காட்டி அப்புறம் சொல்றேன் என்பாள், தானும் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா சிரிக்க வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். கடையில் ஒருவன் எவனையோ நினைத்து, செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரி என்று சாதாரணமாகச் சொன்னான். மாஸ்டர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. வேலைக்குப் போகிற இடத்தில் விரல் நுனியைப் பைப்பில் வைத்து அதிர்வைப் பார்ப்பார், சம்பில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வீட்டுக்காரர்கள் திரும்பிய நேரம் டார்ச்சை அடித்துப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, வாட்ச்மேன் காய்ந்திருக்கிறானா என்று உறுதி செய்துகொண்டு, அவசரமாக டார்ச்சைப் பைக்குள் ஒளித்துவிட்டு, நெற்றியை முட்டிக் கண்ணை மூடி நடிப்பார். திருடன் மாதிரி வேலை செய்தார். வேலை மட்டும் சரியாகத்தான் இருந்தது, டீச்சரம்மா வீட்டுக்குப் போகும்வரை.

டீச்சரம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வலது கை மட்டும் அவர் சொன்னதைக் கேட்கும். படுத்த இடத்திலிருந்து பார்க்க மேற்கூரையைத் தவிர ஒன்றுமில்லையே என்று ஆபீசில் வேலை பார்க்கும் மகள் கட்டிலுக்கு எதிரே பெரிய தொட்டியாக வாங்கி வைத்தாள். அம்மாவுக்கு மீன் பிடித்திருந்தது. ஆனால் தொட்டி கத்திய கத்தலில் பகலும் தூக்கமில்லை, இரவும் தூக்கமில்லை. மகள் வேலைக்குப் போனால் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் பெண் வருவாள்.

மாஸ்டர் போனபோது மூன்று பேரும் அறையில் இருந்தார்கள். உங்கள் காதைப் பற்றிக் கடைக்காரர் அவ்வளவு சொன்னார் என்று மகள் வேறு ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பைப்பையும் பொருத்தி, மோட்டாரை ஓட்டி, வால்வுக்கு வந்தார். பெட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பைக்குள் கையை விட்டார். நிமிர்ந்தால் டீச்சரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது பிள்ளைகள் பரீட்சை எழுதும் அறையில் காப்பி அடிக்கிறவனைக் கண்டுபிடித்த கண் அது. உடம்பு விழுந்தாலும் அந்தக் கண் விழவில்லை. மாஸ்டர் டார்ச்சைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டார்.

எடுத்திருந்தால் யார் என்ன நினைத்திருக்கப் போகிறார்கள்? வேலைக்காரன் விளக்கடித்துப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டார்ச்சை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர் மனசுக்குள் ஒரு கூச்சல். விசிறியை நிறுத்தச் சொன்னார், நெற்றியை முட்டினார், வால்வை மூடினார். களக் களக் நின்றது. அது கனத்த சத்தம், அவருக்குக் கேட்கும். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஓர் இழை மூடினார். "போயிடுச்சு" என்றார்.

எவ்வளவோ பரவாயில்லை என்றாள் மகள். அப்போது டீச்சரம்மாவின் வலது கை மெல்ல எழுந்து, ஆள்காட்டி விரல் அவர் பக்கம் நீண்டது. ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு மாஸ்டர் கும்பிட்டார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று சாமானை அள்ளிக்கொண்டு கிளம்பினார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தது. தொட்டி மோட்டார், விளக்கு, டீச்சரம்மாவின் காற்றுமெத்தை எல்லாம் அதில்தான் சொருகியிருந்தன. தண்ணீர் பக்கத்தில் மின்சாரம் தரையில் கிடந்தால் சுவரில் ஏற்றி ஆணி அடித்துவிட்டுத்தான் அவர் வேறு வேலை பார்ப்பார். அன்றைக்குக் கண்ணில் பட்டும், அதைத் தாண்டி நடந்தார்.

அடுத்த நாள் காலையில் டீ குடிக்கும்போது அந்த விரல் ஞாபகத்துக்கு வந்தது. ஆசீர்வாதம் செய்கிறவர்கள் உள்ளங்கையை அல்லவா காட்டுவார்கள். இது ஒற்றை விரல். கரும்பலகையில் எழுதினவனைப் பார்த்து, அங்கே பார், தப்பு என்று காட்டுகிற விரல். அதுவும் தன்னைக் காட்டவில்லை. தன் தோளுக்குப் பின்னால், பெட்டி இருந்த மூலையைக் காட்டியது. அந்த அதிகப்படி ஓர் இழை. வாட்ச்மேன் நேற்றே வாய் திறந்திருக்கிறான். அறையில் இருந்த நால்வரில் தனக்கு மட்டும்தான் அது கேட்கவில்லை.

சரி, வாட்ச்மேன் வழியாகத் தண்ணீர் இறங்கினால் கொஞ்சம் சத்தம், அவ்வளவுதானே, குடி முழுகிப் போகாது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. மகளுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. அவள் கொடுத்திருந்த நர்ஸ் பெண்ணின் எண்ணுக்குப் போட்டார். அவள் எடுத்துப் பேசினாள். பேசுகிறாள் என்பது தெரிகிறது, என்ன பேசுகிறாள் என்பது தெரியவில்லை. போனில் வந்தால் மெல்லிய குரல் இப்போதெல்லாம் வெறும் ஆ, ஊ என்றுதான் விழுகிறது. மறுபடி சொல்லும்மா என்றார். மறுபடியும் ஆ, ஊ. பின்னால் மிக்ஸி வேறு ஓடியது. நெட்டைப் பைப் எப்படி இருக்கிறது என்று கத்திக் கேட்டார். நீளமாக ஏதோ பதில் வந்தது. சந்தோஷமாகச் சொல்கிறாளா, பதறிச் சொல்கிறாளா, அதுகூடத் தெரியவில்லை.

மனைவி துணியை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் போனை அவளிடம் நீட்டினார்.

"நீ கேளு. எனக்குக் கேட்கல."

"சிக்னல் இல்லையா?"

"சிக்னல் இருக்கு. எனக்குத்தான் கேட்கல. ரொம்ப நாளாவே."

அவள் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு கணம் அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போனை வாங்கிக் காதில் வைத்தாள். நான் அவர் வீட்டுக்காரி, சொல்லும்மா என்றாள். பிறகு ம், ம் என்றாள். என்ன சொல்கிறாள் என்று இவர் கேட்டார். ம், ம். என்ன, என்ன என்றார். மனைவி உள்ளங்கையை அவர் பக்கம் காட்டினாள்.

"இருங்க, அப்புறம் சொல்றேன்."

பாவம், அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. போன் பேசுகிற யாரும் சொல்வதுதான். ஆனால் மாஸ்டர் அப்படியே பேயறைந்தவர் போல உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் எதற்குப் பயந்தாரோ அது வந்து எதிரே உட்கார்ந்து கையைக் காட்டுகிறது.

"இப்பச் சொல்லு" என்றார். அது அவருடைய குரலாகவே இல்லை. "எனக்கு இப்பவே சொல்லு."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, அதிலிருந்து ஒரு சொல் விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். "காலையில வந்ததுலேர்ந்து நீளப் பைப்ல ஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சாம். உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு அது வாயில ஸ்பாஞ்சை வெச்சு அடைச்சுட்டாளாம். இப்ப சத்தமே இல்லையாம். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்றா."

மாஸ்டர் எழுந்து நின்றார். ஒரு பைப்பை அவர் அளவுக்கு மீறி மூடியிருந்தார். மற்றதை அவள் அடைத்துவிட்டாள். மோட்டார் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கிறது. தொட்டி வழிந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கிற அந்தத் தரையில்தான் இறங்கும். "அவ எங்க நிக்கிறா? அந்த அம்மா எங்க?"

"இவ அடுப்படியில. சாப்பாடு அரைக்கிறா. அந்த அம்மா ரூம்ல தனியா இருக்காங்க. காலையிலேர்ந்து கட்டில் கம்பியைத் தட்டிக்கிட்டே இருக்காங்களாம். இன்னைக்கு ஒரே அடம்னு சொல்றா."

"ரூமுக்குள்ள காலை வைக்க வேண்டாம்னு சொல்லு. தண்ணில கரண்டு இருக்கும். வாசல்கிட்ட மெயின் சுவிட்ச் இருக்கு. முதல்ல அதை அணைக்கச் சொல்லு. அணைச்சுட்டு வந்து சொல்லச் சொல்லு."

மனைவி அப்படியே சொன்னாள். பிறகு காத்திருந்தார்கள். அந்த வீட்டின் கூடத்தை மாஸ்டர் மனசுக்குள் நடந்து பார்த்தார். அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போகிற வழியில்தான் அறைக் கதவு. அம்மா தட்டுகிறாரே என்று அந்தப் பெண் வழக்கம்போல உள்ளே ஓடிவிட்டால்? வெறுங்காலோடு ஓடிவிட்டால்? அவர் கேட்க முடியாது. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. முகம் அசையவில்லை. நேற்று ஒரு டார்ச்சை எடுக்க வெட்கப்பட்டதற்கு ஓர் உயிரா, இரண்டு உயிரா என்று நினைத்தார்.

"அணைச்சுட்டாளாம். விளக்கெல்லாம் போயிடுச்சாம்" என்றாள் மனைவி.

"இப்ப உள்ள போகச் சொல்லு."

அவள் வாய் பாதி திறந்து நின்றது. மாஸ்டர் அவள் தோளைப் பிடித்தார். "தரை பூராத் தண்ணியாம்" என்றாள். "அந்தக் கரண்டுப் பெட்டி தண்ணிக்குள்ள கிடக்குதாம். அந்த அம்மா..." இங்கே அவளே நிறுத்திக் காதைப் போனோடு அழுத்தினாள். "அந்த அம்மா தட்டுறதை நிறுத்திட்டாங்களாம். கண்ணைத் திறந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. நல்லா இருக்காங்க. இவளைப் பார்த்து முறைக்கிறாங்களாம்."

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மனைவி அந்தப் பெண்ணிடம் ஸ்பாஞ்சைப் பிடுங்கிப் போடு, ஒன்றையும் போட வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று தன் போக்கில் சொல்லி முடித்தாள். ஸ்கூட்டரில் போகும்போது பின்னாலிருந்து அவள் ஏதோ பேசினாள். காற்றில் ஒன்றும் விழவில்லை. என்ன என்று கேட்கவும் பயமாக இருந்தது. சிக்னலில் நின்றபோது அவள் எட்டி அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, "எத்தனை நாளா இதை வெச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு கேட்டேன்" என்று மறுபடி சொன்னாள். அவர் தெர்மாமீட்டர் கதையைச் சொன்னார். பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.

அவர்கள் போய்த் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மகளும் ஆபீசிலிருந்து ஓடி வந்துவிட்டாள். முதலில் நர்ஸ் பெண்ணைத்தான் பிடித்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். மாஸ்டர் குறுக்கே போய் நின்றார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. வால்வை அதிகமா மூடினது நான். எனக்குக் காது சரியாக் கேட்கல. தெரிஞ்சேதான் வந்தேன்."

"தெரிஞ்சேவா?" என்றாள் மகள். அதற்குப் பிறகு அவள் திட்டியதில் நியாயமில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. மாஸ்டருக்கு அத்தனையும் நன்றாகக் கேட்டது. இந்தத் தொட்டியே வேண்டாம், இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள் என்றாள் கடைசியில்.

டக், டக், டக் என்று கட்டில் கம்பி அதிர்ந்தது. டீச்சரம்மா வலது கையால் தட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். விரல் தொட்டியைக் காட்டி, மாஸ்டரைக் காட்டி, அலமாரிக்குள் இருந்த வால்வைக் காட்டியது. அதைப் புரிந்துகொள்ளப் பேச்சு வேண்டியதில்லை. தப்பாக எழுதினவனே அழித்துவிட்டு எழுத வேண்டும். அந்த அம்மா எத்தனை ஆயிரம் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாரோ. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னமோ செய்யுங்கள், ஆனால் நான் பக்கத்திலேயே நிற்பேன் என்றாள்.

மாஸ்டர் முதலில் நனைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வந்து சுவரில் தலைக்கு மேலே அடித்தார். தரையை ஒரு முறைக்கு மூன்று முறை துடைத்தார். பிறகுதான் மெயினைப் போட்டு மோட்டாரை ஓட்டினார். யாரையும் மூச்சடக்கச் சொல்லவில்லை. மனைவியை நெட்டைப் பைப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பையிலிருந்து டார்ச்சை எல்லார் முன்னாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரும் அலமாரிப் பலகையில் முட்டவில்லை, டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அம்மா, சத்தம் இருக்கிறவரைக்கும் விரலைத் தூக்கியே வெச்சுக்குங்க. போனதும் இறக்கிடுங்க."

விரல் தூக்கியே இருந்தது. மாஸ்டர் வால்வை மூடிக்கொண்டே வந்தார். களக் களக் அடங்கியது. போதுங்க, எனக்கு ஒண்ணும் கேட்கல என்றாள் மனைவி. விரல் இறங்கவில்லை. மகளும் தனக்கும் கேட்கவில்லை என்றாள். விரல் இறங்கவில்லை. மாஸ்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். நெட்டைப் பைப்பின் விளிம்பில், நூல் அளவுக்கு, தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வேறு வேலையில்லாமல் நாளெல்லாம் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற காதுக்கு அது கேட்டிருக்கிறது. நேற்றும் கேட்டிருக்கிறது. வால்வை மயிரிழை அளவு திறந்தார். இன்னும் ஒரு மயிரிழை.

விளிம்பு காய்ந்தது. விரல் மெல்ல மெல்லத் தாழ்ந்து போர்வையில் படிந்தது. நிமிர்ந்து பார்த்தால் டீச்சரம்மாவின் கண் மூடியிருக்கிறது. எத்தனை நாள் தூக்கமோ. மாஸ்டருக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. சத்தம் போனதால் விரல் இறங்கியதா, தூங்கிப் போனதால் இறங்கியதா? விளிம்பு காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் டார்ச்சுக்குத் தெரியாமல் வேறெங்காவது ஸ்ஸ் என்று ஏதாவது இருந்தால்? இனிமேல் எல்லா வீட்டிலும் இப்படித்தான், எல்லா அமைதியும் இப்படித்தான் என்று தோன்றியது. எது தொட்டியின் அமைதி, எது தன் காதின் அமைதி என்று தனக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை.

"போயிடுச்சா?" என்று மனைவியைக் கேட்டார். இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் கேள்வியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் பைப்பில் காதை வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு தூங்குகிறவரை எழுப்பக் கூடாதென்று கிசுகிசுப்பாக ஏதோ சொன்னாள். கிசுகிசுப்பு அவருக்கு எட்டாது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது சட்டென்று உறைத்தது. கையைக் காட்டவில்லை. எழுந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்து, முகத்தைத் தொட்டியின் வெளிச்சத்துக்குத் திருப்பி, சத்தமில்லாமல், உதட்டை நன்றாக அசைத்து மறுபடி சொன்னாள்.

போயிடுச்சு.

மாஸ்டர் வால்விலிருந்து கையை எடுத்தார்.